சிறிய எஞ்சினும் பெரிய மூச்சும்

சிராங்கூன் சாலை வட்டாரத்தில் வழங்கிவரும் இடப்பெயர்களைச் சற்று ஊன்றிப் பார்த்தால், அவை ஒரு பழைய கணக்கை நமக்கு நினைவூட்டும். தேக்கா என்று நாம் அழைக்கும் இடத்திற்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில், என்னும் மலாய்ப் பெயரும் உண்டு. அதற்கருகே பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் இருக்கின்றன. மாட்டு வணிகர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பெலிலியோஸ் சாலையும் இருக்கிறது. ரோச்சோர் ஆற்றின் நீரையும் புல்வெளியையும் நாடி 19ஆம் நூற்றாண்டில் இங்கே கால்நடை வணிகம் தழைத்தது. அந்நாளில் ஒரு வண்டியின் வலிமை என்ன என்று கேட்டால், அதில் பூட்டிய மாடுகள் எத்தனை என்பதே விடை. சற்றுத் தள்ளி ரேஸ் கோர்ஸ் சாலை. அதையொட்டிய ஃபேரர் பார்க் திடலில் 1933ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவுக்கு மாற்றப்படும்வரை குதிரைப் பந்தயங்கள் நடந்துவந்தன.

1896ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் வந்தது. சி. பி. பக்லி என்பார் வரவழைத்த பென்ஸ் வண்டி அது. அது எழுப்பிய ஓசையைக் கேட்ட மக்கள் அதற்குக் ‘காப்பி இயந்திரம்’ என்று பட்டப்பெயர் சூட்டினர். அன்றுமுதல் மாட்டை எண்ணும் வழக்கம் மெல்ல மறைந்து, குதிரைச்சக்தி, சி.சி. என்னும் புதிய அளவுகள் வழக்கிற்கு வந்தன. இன்று சிங்கப்பூரில் கார் வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “எத்தனை சி.சி.?” என்பதாகும். சாலை வரியும் அதைப் பொறுத்ததே. வாகன உரிமைச் சான்றிதழின் பிரிவும் நெடுங்காலம் அதை மட்டுமே பொறுத்திருந்தது.

ஆனால் சி.சி. என்பது எஞ்சினின் வலிமையை அளக்கிறதா? இல்லை என்பதை ஒரு சிறிய கருவி நூறாண்டுகளுக்கும் மேலாக மெய்ப்பித்து வந்திருக்கிறது. அக்கருவிதான் சூப்பர்சார்ஜர். தமிழில் அதனை மிகைக்காற்றூட்டி எனலாம். சிறிய கார் எஞ்சினோடு அது சேர்ந்த வரலாற்றையும், அந்த வரலாறு நம் நாட்டுச் சட்டத்தைத் தொட்ட விதத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

காற்றே உணவு

மோட்டார் எஞ்சின் பெட்ரோலைக் குடித்து ஓடுகிறது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது உண்பதில் பெரும்பகுதி காற்றே. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே விடலாம். அதை எரிப்பதற்குரிய காற்று இல்லையானால் அது புகையாகவே வெளியேறும்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெற்றிடம் உண்டாகிறது. வெளியிலுள்ள காற்று தன் அழுத்தத்தால் அங்கே பாய்கிறது. எல்லாச் சிலிண்டர்களிலும் பிஸ்டன்கள் இறங்கி உண்டாக்கும் இடத்தைக் கூட்டினால் வருவதே சி.சி. என்னும் கணக்கு. 1000 சி.சி. எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒரு லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். நிமிடத்திற்கு 4000 சுற்றுகள் சுழன்றால், கணக்குப்படி 2000 லிட்டர். வால்வுகளின் இடுக்கிலும் குழாயின் வளைவுகளிலும் தடை இருப்பதால் அந்த அளவு முழுவதும் உள்ளே போவதில்லை.

எனவே சி.சி. என்பது பாத்திரத்தின் கொள்ளளவு. அதில் எவ்வளவு சோறு இடப்பட்டது என்பதை அது சொல்லாது. உதகமண்டலத்திற்குக் காரில் சென்றவர்கள் இதை நேரில் உணர்ந்திருப்பார்கள். அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கே. மேட்டுப்பாளையத்தில் துடிப்பாக ஓடிய கார் மேலே சென்றதும் சோர்ந்துபோவதற்கு இதுவே காரணம். எஞ்சினின் சி.சி. மலையேறியதால் குறையவில்லை, அதன் உணவு குறைந்தது. அவ்வாறாயின், உணவைக் கூட்டினால் அதே எஞ்சின் கூடுதலாக உழைக்கும் அன்றோ? காற்றை அது தானே இழுத்துக்கொள்ளட்டும் என்று விடாமல், ஒரு விசிறியோ உருளையோ கொண்டு அமுக்கி உள்ளே செலுத்துவதே சூப்பர்சார்ஜரின் தொழில்.

ஊதுகருவியின் பிறப்பு

இக்கருவி காருக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்னும் ஊரில் கம்பளி ஆலை நடத்திய ரூட்ஸ் சகோதரர்கள், ஒன்றோடொன்று பின்னிச் சுழலும் இரண்டு உருளைகளைக் கொண்ட ஒரு கருவிக்கு 1860ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர். அது இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதப் பயன்பட்டது. நம் ஊர்க் கொல்லரின் துருத்தி செய்யும் வேலையை அது இடைவிடாமல் செய்தது.

ஜெர்மானியரான காட்லீப் டைம்லர் 1885ஆம் ஆண்டிலேயே, எஞ்சினுக்குள் காற்றை மிகையாகச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சின் லூயி ரெனோ 1902இல் மற்றொரு முறைக்குப் பெற்றார். 1905இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி வேறொரு வழியைக் கண்டார். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அமுக்கும் வழி அது. இன்று டர்போ என்று வழங்குவது அதுவே. எஞ்சினின் தண்டிலிருந்து பட்டையாலோ பற்சக்கரத்தாலோ இயங்குவது சூப்பர்சார்ஜர். புகையால் இயங்குவது டர்போ. இரண்டின் நோக்கமும் ஒன்றே.

1908ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த லீ சாட்விக்கின் கார், காற்றூட்டி பொருத்தப்பட்டு ஒரு மலையேற்றப் பந்தயத்தில் வென்றது. முதல் உலகப் போரின்போது, உயரே பறக்கும் விமானம் மெல்லிய காற்றில் மூச்சுத் திணறுவதைத் தடுக்கும் முயற்சிகள் இத்துறையை வளர்த்தன. போர் முடிந்தபின் அந்த அறிவு தரைக்கு இறங்கிற்று. 1921இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் ‘கம்ப்ரெசர்’ பொருத்திய கார்களைக் காட்டியது. 1923இல் மோன்சாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரி பந்தயத்தில் சூப்பர்சார்ஜர் பொருத்திய ஃபியட் வென்றது.

வரி வளர்த்த சிறு எஞ்சின்

இனி, சிறிய எஞ்சின் எப்படித் தோன்றியது என்பதைப் பார்ப்போம். அதை வளர்த்ததில் பொறியியலுக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு வரிக்கும் உண்டு.

பிரிட்டனில் 1921ஆம் ஆண்டு முதல் ஒரு குதிரைச்சக்திக்கு ஒரு பவுன் என்று காருக்கு வரி விதித்தனர். ஆனால் அந்தக் குதிரைச்சக்தியை எஞ்சினை ஓட்டிப் பார்த்துக் கண்டறியவில்லை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுத்தனர். பிஸ்டன் எவ்வளவு தூரம் இறங்கியேறுகிறது என்பது கணக்கில் வரவில்லை. பொறியியலாளர் சும்மா இருப்பரா? சிலிண்டரை ஒடுக்கி நீட்டினர். அவ்வாறு 1922இல் வந்த ஆஸ்டின் செவன் காரின் சிலிண்டர் விட்டம் 54 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தூரமோ 76 மில்லிமீட்டர். பின்னாளில் 747 சி.சி. ஆக நிலைத்த அந்த எஞ்சின் வரிக்கணக்கில் 8 குதிரைக்குள் அடங்கியது. நடுத்தர வருவாயினரும் கார் வாங்க அது வழி செய்தது. இத்தகைய சிறு பிரிட்டிஷ் கார்களே பிற்காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி வந்தன.

சிறு எஞ்சின் பெருகியதும், அதை வைத்தே வேகம் காண வேண்டும் என்னும் ஆசையும் பெருகிற்று. பந்தயங்கள் 750 சி.சி., 1100 சி.சி. என்று வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தன. வகுப்பின் எல்லையைத் தாண்டாமல் வலிமையைக் கூட்ட சூப்பர்சார்ஜரே கைகொடுத்தது. 1931 பிப்ரவரியில் பாரிஸ் அருகிலுள்ள மோன்லேரி ஓடுதளத்தில் ஜார்ஜ் ஐஸ்டன், காற்றூட்டி பொருத்திய 750 சி.சி. வகுப்பு எம்.ஜி. காரில் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தாண்டினார். அந்த வகுப்பில் அவ்வேகத்தை முதலில் தொட்டவர் அவரே. 1933இல் இத்தாலிய வீரர் நூவொலாரி, 1087 சி.சி. எம்.ஜி. கே3 காரை ஓட்டி வட அயர்லாந்தின் ஆர்ட்ஸ் சாலைப் பந்தயத்தில் வென்றார். 1939இல் கோல்டி கார்ட்னர் ஜெர்மனியில் 1100 சி.சி. வகுப்பில் மணிக்கு 200 மைலுக்கு மேல் சென்றார். இத்தகைய எஞ்சினைப் பாத்திரத்தின் அளவைக் கொண்டு ‘சிறியது’ என்று அழைப்பதில் பொருள் ஏது?

பந்தயக்காரர் கண்ட நீதி

இக்கேள்வி பந்தயம் நடத்துவோரை முதலில் சுட்டது. 1934ஆம் ஆண்டில் ஆர்ட்ஸ் பந்தயத்திலிருந்து சூப்பர்சார்ஜரையே விலக்கினர். அது தடை என்னும் வழி. மற்றொரு வழி ஈடுகட்டல். குதிரைப் பந்தயத்தில் வலிய குதிரைக்குக் கூடுதல் எடை சுமத்தி, மெலிய குதிரைக்கும் வாய்ப்பளிப்பது பழைய வழக்கம். கார்ப் பந்தயத்தினரும் அதே நெறியைக் கைக்கொண்டனர். 1938இல் கிராண்ட் பிரி விதி, காற்றூட்டி உள்ள எஞ்சினுக்கு 3 லிட்டரும் இல்லாததற்கு 4½ லிட்டரும் எல்லையாக வைத்தது. உலகப் போருக்குப்பின் அந்த ஈடு 1½ லிட்டருக்கு 4½ லிட்டர் என்று மாறியது. ஒன்றுக்கு மூன்று!

அவ்வளவு கடுமையான ஈட்டிற்குப் பிறகும் 1½ லிட்டர் ஆல்ஃபா ரோமியோ கார்களை ஓட்டியே 1950இல் ஃபரீனாவும் 1951இல் ஃபாஞ்சியோவும் உலக வாகையர் ஆயினர். ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. அந்தக் கார் ஒரு கேலன் எரிபொருளில் இரண்டு மைல்கூட ஓடாது. எரிபொருள் நிரப்ப அடிக்கடி நிற்க வேண்டியிருந்தது. 1951இல் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் காற்றூட்டி இல்லாத 4½ லிட்டர் ஃபெராரியை ஓட்டிய கொன்சாலஸ், ஆல்ஃபாக்களை முந்தி வென்றார். மிகையாக ஊட்டினால் மிகையாகச் செலவாகும் என்பதற்கு அது நல்ல சான்று.

நம் நாட்டிலும் 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலையில் கிராண்ட் பிரி பந்தயங்கள் நடந்தன. 1961இல் இயன் பார்ன்வெல் 3 லிட்டர் ஆஸ்டன் மார்ட்டின் காரில் வென்றார். 1966இல் வென்ற லீ ஹான் செங் ஓட்டியதோ சிறு எஞ்சின் பந்தயங்களுக்கென்று உருவான லோட்டஸ் 22. வண்டியின் எடையும் ஓட்டுநரின் திறமையும் சாலையின் வளைவுகளும் சேர்ந்தே வெற்றியைத் தந்தன. சி.சி. ஒன்றை மட்டும் கேட்டறிந்து வெற்றியைக் கணித்தவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

பட்டறையில் நடப்பது

பந்தயக் களத்திலிருந்து சாதாரணக் காருக்கு வருவோம். 1950களில் மாரிஸ் மைனர், ஆஸ்டின் முதலிய கார்களுக்குப் பின்னாளில் பொருத்திக்கொள்ளத்தக்க காற்றூட்டிகள் தனியாகவே விற்பனைக்கு வந்தன. பிரிட்டனில் ஷாரக், மார்ஷல் என்பன பெயர் பெற்றவை. அமெரிக்காவில் ஜட்சன் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் காருக்கு ஒன்றை விற்றது. 948 சி.சி. மாரிஸ் மைனரின் எஞ்சின் தந்தது 37 குதிரைச்சக்தியே. மேட்டில் ஏறும்போது பின்னால் வரும் லாரி ஒலியெழுப்பி அவசரப்படுத்தினால், அதை ஓட்டுபவருக்கு இன்னும் பத்துக் குதிரை இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றுவது இயல்புதானே.

ஆனால் பட்டறை வேலை தெரிந்தவர் உடனே கருவியைப் பொருத்தத் தொடங்கமாட்டார். முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்து பார்ப்பார். தேய்ந்த பிஸ்டன் வளையங்களும் தளர்ந்த தாங்கிகளும் உள்ள எஞ்சினுக்குக் காற்றூட்டி மருந்தாகாது. அதன் முடிவை விரைவுபடுத்தும். எஞ்சின் நலமாயிருந்தால், கருவியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை அசையாமல் இறுக்கி, அதன் கப்பியும் எஞ்சினின் கப்பியும் ஒரே கோட்டில் நிற்குமாறு அமைக்க வேண்டும். கோடு சிறிது பிசகினாலும் பட்டை தின்னப்படும். கப்பியின் விட்டமே காற்றின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. சிறிய கப்பியைப் போட்டால் கருவி விரைந்து சுழன்று அழுத்தம் கூடும். ஆசை மிக்கவர் தவறுவது இங்கேதான். மேலும், கருவியைச் சுழற்றும் வேலையையும் எஞ்சினே செய்ய வேண்டியிருப்பதால், கூடிய வலிமையில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

அடுத்தது எரிபொருள். காற்று கூடினால் பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும். குறைந்தால் சூடு மீறி பிஸ்டனின் தலை உருகிவிடக்கூடும். பழைய முறையில் கார்புரேட்டரைக் கருவிக்கு முன்னால் வைத்தனர். பெட்ரோல் ஆவியாகும்போது காற்றைச் சற்றுக் குளிர்விக்கும் என்பது அதன் நன்மை. ஆனால் கருவிக்குள்ளும் குழாய்க்குள்ளும் எரியத்தக்க கலவை நிறைந்திருக்கும். பின்வெடிப்பு ஏற்பட்டால் ஆபத்து. அதற்காகவே குழாயில் தானே திறந்துகொள்ளும் ஒரு காப்பு வால்வை வைத்தனர்.

எல்லாவற்றிலும் பெரிய பகை வெப்பம். இங்கே சிங்கப்பூரின் தட்பவெப்பத்தை நாம் மறக்கலாகாது. சைக்கிள் சக்கரத்திற்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவர். காற்றை அமுக்கினால் அது சூடேறும். நம் நண்பகலின் 30 பாகைக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்திற்கு அமுக்கினால், இழப்பே இல்லாத கருவியிலும் அது 67 பாகையை எட்டும். ரூட்ஸ் வகைக் கருவியின் திறனை 55 விழுக்காடு என்று கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 98 பாகை, கொதிநீரின் சூடு! சூடான காற்று விரிந்து லேசாகிவிடும். ஆகவே அழுத்தத்தை 50 விழுக்காடு கூட்டியும் உள்ளே போகும் காற்றின் எடை 22 விழுக்காடே கூடும். அக்காற்றை இடையில் ஒரு குளிர்விப்பான் வழியாகச் செலுத்தி 50 பாகைக்குத் தணித்தால், அதே அழுத்தத்தில் எடை 40 விழுக்காடு கூடும். குளிர்விப்பான் அலங்காரப் பொருளன்று என்பது இதனால் விளங்கும்.

சூடான கலவையிடம் இன்னொரு தீமையும் உண்டு. பொறி படுவதற்கு முன்போ, பட்டபின் ஒழுங்கின்றியோ அது வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் தட்டும் ஓசை அதுவே. அதைத் தவிர்க்க எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் குறைப்பர். பொறியின் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளுவர். தரம் உயர்ந்த பெட்ரோலை ஊற்றுவர். எஞ்சினை அடக்கினால் நிறுத்துகருவியையும் அடக்கிப் பார்க்க வேண்டும்: வேகம் கூடிய வண்டிக்குப் பழைய பிரேக் போதுமா என்று கேட்காதவர் பாதி வேலையே செய்தவராவார். இன்று சிங்கப்பூரில் இத்தகைய மாற்றத்தைத் தம் விருப்பப்படி எவரும் செய்துகொள்ள முடியாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மேலே சொன்னவற்றை எண்ணிப் பார்த்தால் அந்தக் கட்டுப்பாட்டின் காரணம் புரியும்.

1600 என்னும் கோடு

எனினும் சிங்கப்பூரில் மிகைக்காற்று நுழைந்தது பட்டறை வழியாக அன்று. தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வந்தது. அதற்கு வாயில் திறந்து வைத்தது நம் சட்டத்தின் ஒரு கோடு.

1990ஆம் ஆண்டு மே மாதத்தில் வாகன ஒதுக்கீட்டு முறை தொடங்கியது. கார் வாங்குவோர் முதலில் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெறவேண்டும். சிறு கார் வாங்கும் குடும்பம், பெரிய கார் வாங்கும் செல்வரோடு போட்டியிட நேரக்கூடாது என்பதற்காகவே கார்களை எஞ்சினின் கொள்ளளவுப்படி பிரித்தனர். 1999இல் பிரிவுகள் சுருக்கப்பட்டபின், 1600 சி.சி. வரை ஏ பிரிவு, அதற்கு மேல் பி பிரிவு என்றாயிற்று. அந்நாளில் 1600 சி.சி. கார் என்றால் எளிய குடும்பக் கார் என்றே பொருள்பட்டது.

பின்னர் ஐரோப்பிய நிறுவனங்கள் எரிபொருளை மிச்சப்படுத்தும் பொருட்டு எஞ்சினைச் சிறிதாக்கி, அதற்கு மிகைக்காற்று ஊட்டத் தொடங்கின. மெர்சிடிஸ் நிறுவனத்தின் சி180 கம்ப்ரெசர் காரில், 2008இல் வந்த வகை, 1597 சி.சி. கொள்ளளவும் 115 கிலோவாட் வலிமையும் உடையது. ஃபோக்ஸ்வேகன் நிறுவனமோ 1390 சி.சி. எஞ்சினில் சூப்பர்சார்ஜரையும் டர்போவையும் ஒருங்கே பொருத்தியது. மெதுவாகச் சுழலும்போது முன்னது ஊட்டும். விரைந்து சுழலும்போது பின்னது ஏற்றுக்கொள்ளும். 2010இல் வந்த போலோ ஜி.டி.ஐ. காரில் அது 132 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 177 குதிரைச்சக்தி தந்தது. சாதாரண 2 லிட்டர் காரை அது பின்னுக்குத் தள்ளும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது சிறிய கார்.

சாலை வரியிலும் அதே நிலை. 2008 முதல் நடப்பிலுள்ள வாய்பாட்டின்படி 1390 சி.சி. காருக்கு ஆறு மாதத்திற்கு ஏறத்தாழ 310 வெள்ளி, 2000 சி.சி. காருக்கு ஏறத்தாழ 606 வெள்ளி. வலிமை குறைந்த 2 லிட்டர் காரின் உரிமையாளர், வலிமை மிகுந்த 1390 சி.சி. காரின் உரிமையாளரைப்போல ஏறக்குறைய இரு மடங்கு செலுத்துகிறார். எரிபொருளை மிச்சப்படுத்தும் சிறிய எஞ்சினுக்குச் சலுகை தருவதில் தவறில்லை என்று வாதிடலாம்; அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ஆனால் சான்றிதழ் ஏலத்தின் நோக்கம் வேறு. அங்கே 1600 சி.சி. என்னும் கோடு காத்து நின்றது எளிய வாங்குவோரின் வாய்ப்பை. விலையுயர்ந்த கார்கள் கோட்டிற்குக் கீழே புகுந்ததும் அந்தக் காவல் பயனற்றுப் போயிற்று. 2013 ஜனவரியில் ஏ பிரிவுச் சான்றிதழின் விலை 92,100 வெள்ளியைத் தொட்டது. சான்றிதழ்கள் எண்ணிக்கையில் குறைந்திருந்ததும் அதற்கு ஒரு பெருங்காரணம். என்றாலும், தம் பிரிவிலேயே சொகுசுக் காரின் சொந்தக்காரரோடு ஏலம் கேட்க நேர்ந்த குடும்பத் தலைவருக்கு அது வெறும் புள்ளிவிவரமாக இருந்திராது.

அரசாங்கம் மக்களின் கருத்தைக் கேட்டபின் 2013 செப்டம்பரில் மாற்றத்தை அறிவித்தது. 2014 பிப்ரவரி முதல் ஏ பிரிவில் சேர 1600 சி.சி. என்னும் எல்லையோடு, 97 கிலோவாட், அதாவது 130 குதிரைச்சக்தி, என்னும் எல்லையையும் தாண்டாதிருக்க வேண்டும் என்றாயிற்று. தடையுமில்லை, பந்தயக்காரரைப்போல் மூன்றால் பெருக்கும் ஈடுமில்லை. பாத்திரத்தின் கொள்ளளவோடு, அது ஊட்டும் வலிமையையும் நேரடியாகக் கேட்டனர்.

அவ்வாண்டில் வியப்பான ஓர் ஒற்றுமையும் நேர்ந்தது. 2008 முதல் மரினா பேயில் இரவில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயத்தின் கார்கள், 2014இல் புதிய விதிப்படி 1600 சி.சி. டர்போ எஞ்சினோடு வந்தன. அந்த எஞ்சின் மட்டுமே ஏறத்தாழ 600 குதிரைச்சக்தி தந்தது. மின்மோட்டாரின் வலிமை அதற்கு மேல். சி.சி. ஒன்றையே அளவாகக் கொண்டால் உலகின் மிக விரைவான பந்தயக் காரும் நம் ஏ பிரிவுக் குடும்பக் காரும் ஒரே வகுப்பாகும்! பழைய கோட்டின் குறையை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

நூறாண்டு வரலாறு நமக்குச் சொல்வது யாது? அளக்க எளிதானதை அளந்துவிட்டு, அளக்க வேண்டியதை அளந்ததாக நினைத்துக்கொள்வது மனித இயல்பு. பிரிட்டன் சிலிண்டரின் விட்டத்தை அளந்தது. பந்தயக் கழகங்கள் கொள்ளளவை அளந்தன. நாமும் கொள்ளளவையே அளந்தோம். ஒவ்வொரு முறையும் பொறியியலாளர் அளவுகோலின் இடைவெளியைக் கண்டுபிடித்தனர். அது குற்றமன்று, அவர்தம் தொழில். இடைவெளி தெரிந்தபின் அளவுகோலைத் திருத்துவது சட்டம் செய்வோர் கடமை.

இன்று மின்சாரக் கார்கள் பெருகிவருகின்றன. அவற்றிற்குச் சிலிண்டரும் இல்லை, சி.சி.யும் இல்லை, மூச்சும் இல்லை. அவற்றின் சாலை வரியும் சான்றிதழ்ப் பிரிவும் கிலோவாட் கணக்கிலேயே அமைந்துள்ளன. 2022 மே முதல் 110 கிலோவாட் வரையுள்ள மின்கார்கள் ஏ பிரிவில் சேர்கின்றன. ஆனால் வலிமை மட்டுமே ஒருவர் எளியவரா செல்வரா என்பதைச் சொல்லிவிடுமா? பேட்டரியின் அளவு, வண்டியின் எடை, அதன் விலை ஆகியவை கணக்கிற்கு வெளியே நிற்கின்றன. அந்த இடைவெளியையும் யாரேனும் ஒரு நாள் காண்பர். எருமைக் கொட்டிலின் பெயரைத் தாங்கிய சாலையில் ஓசையின்றி ஓடும் அவ்வண்டிகளைப் பார்க்கும்போது, அன்று மாட்டை எண்ணியவர்கள் எண்ணிக்கையோடு நிற்காமல் மாட்டின் பல்லையும் தோளையும் பார்த்து விலை பேசியதை நாம் நினைவில் கொள்வது நன்று.